தோற்றுக்கொண்டே இருக்கும் ஹீரோவை எதுவரை பார்ப்பார்கள்?

முதலில் கேள்வியை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வியாசர்பாடியில் கேரம் ஆடும் ஒரு பையனை வைத்து எட்டுப் பகுதி வெப் தொடர் எழுதியிருக்கிறீர்கள். முதல் ஐந்து பகுதிகளில் ஐந்து போட்டி, ஐந்திலும் தோல்வி. ஆறாவதில்தான் எழுகிறான். படித்துப் பார்த்த நண்பர்கள் மூன்று பேருமே "மூணாவது எபிசோடோட அவன் மேல இருந்த இன்ட்ரஸ்ட் போயிடுச்சு" என்றார்களாம். அதனால் ஒரு ஹீரோ எத்தனை முறை தோற்கலாம், ரசிகர்கள் எதுவரை தாங்குவார்கள் என்று கேட்கிறீர்கள். எண்ணிக்கை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நண்பர்கள் சொன்னதை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அவன் தோற்பது கஷ்டமாக இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன என்கிற இடத்துக்கு மூன்றாவது பகுதியிலேயே போய்விட்டார்கள். அப்படியானால், தோற்பவன் மேல் பார்ப்பவர் வைத்திருக்கும் மதிப்பு எப்போது கரைகிறது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் சினிமா எடிட்டர். சாலிகிராமத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக இதே பிழைப்பு. மனவியல் முறையாகப் படித்ததில்லை. ஆனால் தியேட்டரில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, திரையை விட்டுவிட்டு ஆட்களைப் பார்ப்பது இந்தத் தொழிலில் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். கோயம்பேடு ரோகிணி, அசோக் நகர் காசி, வடபழனி கமலா என்று எங்கே படம் ஓடினாலும் போய்விடுவேன். வெள்ளிக்கிழமை முதல் காட்சியை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. அன்றைக்கு ஹீரோ தும்மினாலும் விசில் பறக்கும். திங்கட்கிழமை மதியக் காட்சிக்கு வெயிலுக்கு ஒதுங்கியோ, வேலை கிடைக்காமல் பொழுது போகாமலோ வருகிற ஆள்தான் எனக்கு வாத்தியார். உங்கள் தொடரை வீட்டில் கைபேசியில் பார்ப்பார்கள். நான் சொல்வது பெரும்பாலும் தியேட்டர் அனுபவம். அந்த அளவுக்குக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஹீரோ முதல் முறை தோற்கும்போது கூட்டத்தில் ஒரு 'உச்' சத்தம் வரும். பெண்கள் பக்கத்தில் இருந்து கொஞ்சம் அதிகமாகவே வரும். இரண்டாவது தோல்வி வேறு மாதிரியாக இருந்தால் சத்தமே இருக்காது, சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதே மாதிரித் தோல்வி திரும்பவும் வந்தால் இருட்டில் கைபேசி வெளிச்சம் அங்கங்கே தெரியத் தொடங்கும். மூன்றாவதும் அப்படியே என்றால் முன்வரிசையில் இருந்து ஒரு கமென்ட் வரும், மொத்த ஹாலும் சிரிக்கும். சென்னைக் கூட்டத்துக்கு இந்தக் கமென்ட் அடிக்கும் திறமை தனியாகவே உண்டு. கோபமாகக் கத்தினால்கூடப் பயமில்லை, கோபத்தில் அக்கறை இருக்கிறது. சிரிப்பு வந்துவிட்டால் ஹீரோ அவர்கள் கையை விட்டுப் போய்விட்டான் என்று அர்த்தம். அதற்குப் பிறகு ரீ-ரெக்கார்டிங்கில் எத்தனை வயலின் சேர்த்தாலும் அவனைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இனி, திரும்பத் திரும்பத் தோற்பவனை நம் ஜனங்கள் தாங்க மாட்டார்கள் என்பது சுத்தப் பொய். இந்த ஊரிலேயே, வடபழனியில் அச்சான அம்புலிமாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1947இல் தொடங்கிய பத்திரிகை. அதில் மாதாமாதம் ஒரே ஆள் தோற்றான். தன் முயற்சியில் சற்றும் மனம் தளராத விக்கிரமாதித்தன் மரத்தில் ஏறி, உடலை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். அவன் பதில் சொல்வான். மௌனம் கலைந்ததால் வேதாளம் மறுபடி முருங்கை மரத்துக்குப் போய்விடும். தோற்கத்தான் போகிறான் என்று தெரிந்தே தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். யாராவது அவனைத் தத்தி என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? காரணம் எளிது. அவன் தோற்பதே சரியான பதில் தெரிந்ததால்தான். பதில் தெரியாமல் விழித்தால் காரியம் கைகூடிவிடும். மூலக்கதையில் அப்படித்தான் நடக்கிறது: கடைசியாக வரும் உறவுமுறைப் புதிருக்கு அவனுக்கு விடை தெரியவில்லை, வாயை மூடிக்கொண்டு நடக்கிறான், வேலை முடிகிறது. அறிவு அவனைத் தோற்கடித்தது, அறியாமை ஜெயிக்க வைத்தது. இப்படி ஒரு திரைக்கதையை யோசித்தவன் யாரோ, அவன் காலில் விழலாம்.

இன்னொருவன் கர்ணன். மகாபாரதத்தில் ஒரு காரியமாவது அவனுக்கு உருப்படியாக முடிந்ததா? குரு மடியில் தூங்கும்போது வண்டு தொடையைத் துளைக்கிறது, வலியைப் பொறுத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறான், அந்தப் பொறுமையே அவன் யார் என்பதைக் காட்டிக்கொடுத்துச் சாபம் வாங்கித் தருகிறது. கவசகுண்டலம் கேட்டவனுக்கு அறுத்துக் கொடுக்கிறான். நாகாஸ்திரத்தை இரண்டாம் முறை விடுவதில்லை என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு, உயிர் போகும் நேரத்திலும் அவன் கையைக் கட்டிவிடுகிறது. வட மாவட்டங்களில் இறந்தவர் வீட்டுக் காரியத்துக்குக் கர்ண மோட்சம் கூத்து வைக்கிறார்கள். ஜெயித்த அர்ச்சுனன் மோட்சம் என்று யாரும் வைப்பதில்லை. சிவாஜி நடித்த 'கர்ணன்' 1964 பொங்கலுக்கு வந்த படம். அதை டிஜிட்டலில் மெருகேற்றி 2012 மார்ச்சில் மறுபடி வெளியிட்டபோது சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. நானும் போனேன். கல்லூரிப் பிள்ளைகள் நிறைய வந்திருந்தார்கள். தேர்ச் சக்கரம் புதையும் இடத்தில், கதை முழுவதும் தெரிந்த கூட்டம் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தது.

இந்த இரண்டு பேரையும் சேர்த்து யோசித்தபோது எனக்குக் கைகொடுத்தது, உணர்ச்சிகள் வெளிப்படும் விதத்தைச் சொல்லும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். பள்ளியில் மனப்பாடம் செய்து பரீட்சையோடு மறந்த பகுதி, பிழைப்புக்கு இத்தனை உதவும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பெருமிதம் எதனால் பிறக்கும் என்று அங்கே நான்கு காரணம் சொல்லியிருக்கிறது: கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ், கொடை. விக்கிரமாதித்தன் கல்வியால் தோற்கிறான். கர்ணன் வண்டு துளைத்தபோது தறுகண்ணால் தோற்கிறான், கவசத்தைக் கொடுத்துக் கொடையால் தோற்கிறான், வாக்குத் தவறினால் பெயர் கெட்டுவிடும் என்று புகழுக்காகத் தோற்கிறான். நாலும் வந்துவிட்டது. பெருமைப்பட வேண்டிய ஒரு குணமே தோல்விக்குக் காரணமாக இருக்கும்போது, ஒவ்வொரு தோல்வியிலும் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. அப்படிப்பட்டவன் எத்தனை தரம் வேண்டுமானாலும் தோற்கலாம். தொல்காப்பியர் தோற்கும் ஹீரோவைப் பற்றிப் பேசவில்லை, இழுத்து முடிச்சுப் போட்டது நான்தான். ஆனால் பொருந்துகிறது.

அதே பட்டியலில் நகை, அதாவது சிரிப்பு, பிறக்கக் காரணமாகச் சொல்லப்படுபவை எள்ளல், இளமை, பேதைமை, மடன். பேதைமையால் தோற்றால் சிரிப்பு வரும், அது தவறும் இல்லை. 2003இல் வந்த 'வின்னர்' படத்தில் வடிவேலுவின் கைப்புள்ள எத்தனை அடி வாங்குகிறார்! ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பழைய பில்டப்போடு திரும்பி வருகிறார். அவர் பாடம் கற்றுக்கொண்டுவிட்டால் நமக்குத்தான் நஷ்டம். காமெடியனிடம் மாற்றத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஹீரோவிடம் எதிர்பார்க்கிறார்கள். ஒரே மாதிரித் தப்பை இரண்டாம் முறை செய்யும் ஹீரோ, டைரக்டர் கேட்காமலேயே காமெடியன் ஆகிவிடுகிறான். முன்வரிசைக் கமென்ட் பிறக்கும் இடம் இதுதான்.

மூன்றாவதாக ஒரு வகைத் தோல்வி இருக்கிறது. ஹீரோவுக்குச் சம்பந்தமே இல்லாமல் வெளியிலிருந்து வந்து விழுவது. லாரி மோதும், கரன்ட் போகும், வில்லன் ஆள் வைப்பான். பெர்னார்ட் வைனர் என்ற அமெரிக்க மனவியலாளர் இதை ஒட்டி நிறைய எழுதியிருக்கிறார். ஒருவர் தன் கட்டுப்பாட்டில் இருந்த காரணத்தால் தோற்றால் நமக்கு அவர் மேல் கோபம் வரும், கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் தோற்றால் இரக்கம் வரும் என்பது அவர் சொல்வதன் சாரம். நிஜ வாழ்க்கைக்கு அது சரியாக இருக்கிறது. கதையில் ஒரு சிக்கல். இரக்கத்தை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார வைக்க முடியாது. முதல் லாரிக்கு அழுவார்கள். இரண்டாவது லாரி வரும்போது ஹீரோவைத் தோற்கடிப்பது விதி இல்லை, ரைட்டர் என்று தெரிந்துவிடும். "டைரக்டரே போட்டுத் தள்ளிட்டாரு" என்று இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் பேசிக்கொள்வதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

நீங்கள் கொடுத்திருக்கும் சுருக்கத்தில் ஐந்து தோல்விக்கும் காரணங்கள் இவை: அம்பயர் எதிராளியின் சொந்தக்காரர், கரன்ட் கட், அப்பாவுக்கு மூச்சுத்திணறல், ஸ்ட்ரைக்கரை யாரோ மாற்றிவிடுகிறார்கள், கடைசியில் பதற்றம். முதல் நான்கும் அவனுக்கு நேர்பவை. அவன் எதையும் தேர்ந்தெடுக்கவே இல்லை. நண்பர்கள் மூன்றாவதில் கழன்றுகொண்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

என் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், படத்தின் பெயர் வேண்டாம். வேலை தேடும் பையன், மூன்று இன்டர்வியூ, மூன்றிலும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு அவன் மழையில் நனைந்துகொண்டே நடந்து வருவதை ஸ்லோமோஷனில் எடுத்து வைத்திருந்தார்கள். வெளி ஆட்களைக் கூப்பிட்டுப் போட்ட பிரிவியூவில், மூன்றாவது மழை நடைக்கு ஒருவர் "யாராவது அவனுக்கு ஒரு குடை வாங்கிக் குடுங்கப்பா" என்றார். டைரக்டர் முகம் செத்துவிட்டது. ஒரு இன்டர்வியூவைத் தூக்கிவிடலாம் என்று தயாரிப்பாளர் தரப்பில் சொன்னார்கள். எடுத்த ஃபுட்டேஜை மறுபடி ஓட்டிக்கொண்டிருந்த என் அசிஸ்டென்ட் ஒரு ஷாட்டைக் காட்டினான். இரவு நேரம், பையன் ஒரு சொம்பில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, அதன் அடியால் சட்டைக் காலரைத் தேய்க்கிறான். சூடு தாங்காமல் சொம்பைத் துண்டால் பிடித்திருக்கிறான். காலர் நுனி மடங்கவே மாட்டேன் என்கிறது, எச்சில் தொட்டு வைத்து மறுபடி தேய்க்கிறான். இரண்டு மழையைத் தூக்கிவிட்டு, இரண்டாவது இன்டர்வியூவுக்கும் மூன்றாவதற்கும் நடுவில் இதை வைத்தோம். பத்து விநாடி இருந்தால் அதிகம். அடுத்த பிரிவியூவில் மூன்றாவது இன்டர்வியூவில் அவன் உள்ளே போகும்போதே ஒரு பெண்மணி "ஐயோ, சட்டை" என்றார். தோல்வியின் எண்ணிக்கை அதே மூன்று. படம் ஓடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பின்பாதியில் வேறு ஆயிரம் கோளாறு. ஆனால் அந்த இடத்தில் யாரும் கைபேசியை எடுக்கவில்லை.

அந்த ஷாட் செய்த வேலை என்ன? தோற்ற பிறகு அவன் எப்படி அழுகிறான் என்று காட்டுவதைவிட, அடுத்த நாளுக்கு எப்படித் தயாராகிறான் என்று காட்டுவது பார்ப்பவரைப் பிடித்து வைக்கிறது. இது எனக்குக் கிட்டத்தட்ட நிச்சயமாகத் தெரிந்த விஷயம். பத்துப் படத்திலாவது பார்த்திருப்பேன். தோல்விக்கு அப்புறம் வரும் ரியாக்‌ஷன் ஷாட்டை எழுதுபவர்களும் நடிகர்களும் ரொம்ப விரும்புவார்கள், நடிக்க இடம் இருக்கிறதே. எடிட்டர் அதைப் பாதியாக வெட்டினால் சண்டை வரும். வெட்டித்தான் ஆக வேண்டும். ஹீரோ தனக்காக அழுது முடித்துவிட்டால் பார்ப்பவருக்கு அழ வேலை மிச்சம் இல்லை.

அடுத்தது, திறமை. 1966இல் எலியட் ஆரன்சன் என்பவர் தன் சகாக்களுடன் ஒரு சோதனை செய்தார். வினாடி வினாவில் கலந்துகொள்ளும் ஒருவரின் ஒலிப்பதிவை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பதிவில் அந்த ஆள் 92 சதவீதக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்வார், இன்னொன்றில் 30 சதவீதம்தான். சில பதிவுகளில் கடைசியில் அவர் காபியைத் தன் மேலேயே கொட்டிக்கொள்கிற சத்தம் வரும். கெட்டிக்காரர் காபி கொட்டியபோது கேட்டவர்களுக்கு அவரை முன்னைவிட அதிகம் பிடித்தது. சுமார் ஆசாமி கொட்டியபோது பிடிப்பு இன்னும் குறைந்தது. இதைச் சினிமா வகுப்புகளில் சகட்டுமேனிக்கு இழுப்பார்கள், நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். அது ஒரே ஒரு சறுக்கல், அதுவும் காபி. தொடர் தோல்விக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் வரிசை முக்கியம் என்பது மட்டும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது: இவன் கெட்டிக்காரன் என்று முதலில் தெரிய வேண்டும், அப்புறம்தான் சறுக்க வேண்டும். உங்கள் பையன் முதல் காட்சியிலேயே போட்டியில் தோற்கிறான். அவனுக்கு ஆடத் தெரியுமா என்றே நமக்குத் தெரியாது. அதற்கு முன்னால், தெருவிளக்கு வெளிச்சத்தில் போர்டு போட்டு ஆடும் இடத்தில், யாரும் எடுக்க முடியாது என்று விட்டுவிட்ட ஒரு காயை அவன் விளையாட்டாக எடுத்துப் போட்டுவிட்டுப் பால் பாக்கெட் வாங்கப் போகட்டும்.

வடசென்னையில் கேரம் தெரிந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். 1991லும் 1995லும் உலக சாம்பியனான மரிய இருதயம் இந்த ஊர்க்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா ஒரு ஆட்டோ ஓட்டுநரின் மகள். இவர்களைத் தெரிந்த கூட்டத்துக்கு, கரன்ட் போனதால் தோற்றான் என்று கதை சொல்ல முடியாது. ஆனால் கேரத்தின் விதியிலேயே உங்களுக்குத் தேவையான தோல்விகள் இருக்கின்றன. ரெட் காயைப் போட்டால் மட்டும் போதாது, உடனே தன் காய் ஒன்றை ஃபாலோ போட வேண்டும். தவறினால் ரெட் திரும்ப நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். கூட்டம் கத்தி முடிப்பதற்குள் கையில் இருந்தது போய்விடுகிறது. இதைவிட நல்ல தோல்வியை எந்த ரைட்டரும் யோசித்துக் கொடுக்க முடியாது. ஒரு போட்டியில் அவன் விரல் காயில் பட்டுவிடுகிறது என்று வையுங்கள். அம்பயர் பார்க்கவில்லை, எதிராளியும் பார்க்கவில்லை. அவனே "ஃபவுல்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறான், ஆட்டம் போய்விடுகிறது. இன்னொன்றில், சுலபமாக எடுக்கக்கூடிய காய் இருக்கும்போது, பார்க்கிறவர்கள் முன்னால் கெத்துக் காட்ட எதிர்மூலைக் காயைக் குறிவைத்துத் தவறவிடுகிறான். முதலாவதில் மதிப்பு கூடும். இரண்டாவதில் கோபம் வரும். இரண்டும் வேண்டும், ஆனால் இந்த வரிசையில் வேண்டும். கோபம் முதலில் வந்தால், பின்னால் வரும் நேர்மையை வேஷம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அப்பாவின் மூச்சுத்திணறலை நீங்கள் விட மாட்டீர்கள் என்று தெரிகிறது, விட வேண்டாம். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இப்போது போன் வருகிறது, ஓடுகிறான், போட்டி போகிறது. போன் வரும்போது அவன் 22 பாயின்ட்டில் இருக்கட்டும். ஆட்டம் 25க்கு. அக்கா ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், "நீ வர வேணாம்டா, நான் பாத்துக்கிறேன்" என்கிறாள். அதற்கு மேல் இருப்பதா போவதா என்பது அவன் முடிவு. இருந்தாலும் சரி, போனாலும் சரி, தோல்வி அவனுடையது ஆகிவிடுகிறது.

எதிராளியையும் பயன்படுத்துங்கள். தோற்றவனின் தரத்தை ஜெயித்தவன் முகத்தில்தான் கூட்டம் படிக்கும். ஜெயித்துவிட்டுக் குதிப்பவனைக் காட்டினால் நம் ஆள் சாதாரணம் ஆகிவிடுவான். ஜெயித்துவிட்டு, கைகுலுக்கிய பிறகும் போர்டையே பார்த்துக்கொண்டிருப்பவனைக் காட்டுங்கள். ஒரு விநாடி போதும்.

இதுவரை சொன்னதில் எனக்குப் பெரிய சந்தேகம் கிடையாது. இனி வருவது அப்படி இல்லை. நட்சத்திரத்தின் பிம்பம் குறுக்கே வரும்போது கணக்கு குழம்புகிறது. 1962இல் வந்த 'பாசம்' படத்தில் எம்.ஜி.ஆர். இறப்பதை ரசிகர்கள் ஏற்கவில்லை என்று கோடம்பாக்கத்தில் வழிவழியாகச் சொல்வார்கள். ஆனால் 1956இல் 'மதுரை வீரன்' படத்தில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு அவர் சாகிறார், அது பெரும் வெற்றி. அங்கே செத்தவன் சாமியாகிவிடுகிறான், ஊர் எல்லையில் சிலையாக நிற்கிறான், அதனால் அது தோல்விக் கணக்கில் சேரவில்லை என்று நான் நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான். உங்கள் தொடரில் புதுமுகம் என்பதால் இந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை.

தமிழ் ரசிகனுக்குச் சோகம் பிடிக்கும், தெலுங்கு ரசிகனுக்கு ஜெயிக்க வேண்டும் என்று இன்னொரு பேச்சு உண்டு. ஆதாரமாக 'விண்ணைத்தாண்டி வருவாயா'வைக் காட்டுவார்கள். 2010 பிப்ரவரியில் ஒரே நாளில் இரண்டு மொழியிலும் வந்தது. தமிழில் காதலன் அவளை இழக்கிறான், தெலுங்கில் சேர்கிறார்கள். இரண்டும் ஓடின. ஆனால் முடிவை மாற்றிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் ஓட்டிப் பார்க்கவில்லையே. இந்த ஒரு படத்தை வைத்து இரண்டு மாநில ரசிகர்களையும் எடை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தொடர் என்பதால் ஒன்று சேர்க்க வேண்டும். 'கோலங்கள்' டி.வி. சீரியல் 2003 முதல் 2009 வரை, 1500 பகுதிகளுக்கு மேல் ஓடியது. அதன் நாயகி அபி அனுபவிக்காத கஷ்டம் கிடையாது. எங்கள் வீட்டில் அதைத் திட்டிக்கொண்டே பார்த்தார்கள், திட்டிக்கொண்டே அடுத்த நாளும் டி.வி. முன் உட்கார்ந்தார்கள். அதற்கு ஒரு காரணம், அது தினமும் அதே நேரத்துக்கு வீட்டுக்குள் வந்தது. இன்னொன்று, அபி ஒருநாளும் சும்மா இருந்ததில்லை, ஒன்று போனால் அடுத்ததற்கு அலைவாள். வெப் தொடரில் முதல் காரணம் உங்களுக்கு உதவாது. பார்ப்பவர் கட்டைவிரலை நகர்த்தினால் வேறு தொடர். இரண்டாவது காரணத்தை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பகுதியையும் தோல்வியில் முடிக்காமல், தோற்ற மறுநாள் அவன் செய்யும் முதல் காரியத்தில் முடித்துப் பாருங்கள். போரிக் பவுடர் வாங்கக் காசில்லாமல் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி அவன் தனியாக ஆடிக்கொண்டிருப்பது மாதிரி ஏதாவது.

திருத்திய பிரதியை அதே மூன்று நண்பர்களுக்குக் கொடுக்காதீர்கள், அவர்களுக்கு ஆறாவது பகுதி தெரியும். கதை தெரியாத இரண்டு பேருக்கு முதல் மூன்று பகுதிகளை மட்டும் கொடுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். நாளைக்கு அவன் என்ன செய்வான் என்று கேளுங்கள். இரண்டு பேரும் இரண்டு பதில் சொல்லி அதற்காக வாக்குவாதம் செய்தால் ஐந்து தோல்வியையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். "தெரியல, மறுபடி தோப்பான்" என்றால் மூன்றாவது பகுதியைத் திறந்து, அவன் முடிவெடுக்கும் இடம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.